பாத்திரங்கழுவிப் பிழைக் குறிகள்

பாத்திரங்கழுவிப் பிழைக் குறி என்பது, பாத்திரம் கழுவும் மின் இயந்திரம் ஒன்று தன் இயக்கத்தில் ஏற்பட்ட தடையைத் தனது முகப்புத் திரையில் எழுத்தாலும் எண்ணாலும் காட்டும் அடையாளம் ஆகும். பேச்சு வழக்கில் 'டிஷ்வாஷர் எரர் கோடு' எனப்படுகின்றது. நீர் உள்ளே வராமை, கழிவுநீர் வெளியேறாமை, நீர்க்கசிவு, நீர் சூடாகாமை, மின்னழுத்தக் குறைவு ஆகியன இக்குறிகளால் பெரும்பாலும் சுட்டப்படுபவை. பிழைக் குறி உணரி ஒன்றின் அளவீட்டை மட்டுமே தெரிவிக்கின்றது. அவ்வளவீடு ஏன் மாறியது என்பதை இயந்திரம் அறியாது. எனவே குழாய் மூடியிருத்தல், மேல்நிலைத் தொட்டியின் உயரம் போதாமை, வலைவடிப்பானில் உணவுத் துணுக்கு அடைத்தல் போன்ற வெளிக் காரணங்களும் இயந்திரப் பழுதைப் போலவே காட்டப்படுகின்றன.

இந்தியாவில் இவ்வியந்திரம் நெடுங்காலம் பெருநகரங்களில் சில வீடுகளுக்குள் மட்டும் இருந்தது. 2020 மார்ச்சு மாதம் தொடங்கிய கொரோனாப் பொது முடக்கத்தின் போது, வீட்டுவேலைக்கு ஆள் வர இயலாத நிலையில், இதன் விற்பனை நாடெங்கும் கூடியது. கடினமான நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் இதனை நிறுவும்போது கவனிக்க வேண்டியவற்றுக்கு, திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டைச் சமவெளி இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

எழுத்து முறை

இக்கட்டுரையில் ஆங்கில எழுத்துகள் அவற்றின் ஒலிப்புப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, திரையில் ஆங்கில ஐந்தாம் எழுத்தும் அதனையடுத்து 24 என்னும் எண்ணும் தோன்றினால், அது இங்கே ஈ-24 எனக் குறிக்கப்படும். எண் முன்னும் எழுத்து பின்னும் வந்தால் 4-ஈ என்பது போல அவ்வரிசையிலேயே எழுதப்படும்.

வரலாறு

நீரை அழுத்தத்துடன் பீய்ச்சிப் பாத்திரம் கழுவும் முதல் வெற்றிகரமான இயந்திரத்தை ஐக்கிய அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் உருவாக்கினார். இதற்கான காப்புரிமை அவருக்கு 1886 திசம்பர் 28 இல் வழங்கப்பட்டது. 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இவ்வியந்திரம் காட்சிக்கு வைக்கப்பட்டது. தொடக்கத்தில் உணவகங்களும் விடுதிகளுமே இதனை வாங்கின. ஐரோப்பாவில் மின்னாற்றலில் இயங்கும் பாத்திரங்கழுவியைச் செருமனியின் மீலே நிறுவனம் 1929 இல் அறிமுகப்படுத்தியது.

பழைய இயந்திரங்கள் சுழலும் பல்சக்கரக் காலக்கணிப்பானால் கட்டுப்படுத்தப்பட்டன. சக்கரம் நகர்ந்தால் அடுத்த கட்டம் தொடங்கும். நீர் வந்ததா, சூடானதா என்பதை அவற்றுள் பல ஆராய்வதில்லை. 1980களில் நுண்செயலி கொண்ட கட்டுப்பாட்டுப் பலகைகள் இவ்வியந்திரங்களில் இடம்பெறத் தொடங்கின. ஒவ்வொரு கட்டத்தையும் உணரிகளைக் கொண்டு சரிபார்க்கும் வழி இதனால் பிறந்தது. சரிபார்ப்பு தவறும்போது அதனை அறிவிக்கவே பிழைக் குறிகள் ஏற்பட்டன.

இயந்திரம் தடையை அறியும் முறை

பாத்திரங்கழுவி ஒரு முறை இயங்குவதற்கு, மாதிரியையும் நிரலையும் பொறுத்து, ஏறத்தாழ 9 முதல் 14 லிட்டர் நீர் எடுத்துக்கொள்கின்றது. அடித்தொட்டியில் சேரும் இந்நீரையே சுழற்சிப் பம்பு மீண்டும் மீண்டும் தெளிப்புக் கைகள் வழியாகப் பீய்ச்சுகின்றது. இவ்வியக்கத்தைப் பின்வரும் உறுப்புகள் கண்காணிக்கின்றன.

* நீரோட்ட மானி: உள்ளே வரும் நீரின் அளவைக் கணக்கிடுகின்றது. குறித்த நேரத்துக்குள் குறித்த அளவு நீர் வராவிட்டால் நீர்வரவுப் பிழை தோன்றும்.
* வெப்ப உணரி: நீரின் வெப்பநிலையை அளக்கின்றது. சூடாக்கி இயங்கியும் வெப்பநிலை உயராவிட்டால் சூடாக்கப் பிழை தோன்றும்.
* மிதவை ஆளி: இயந்திரத்தின் அடித்தட்டில் அமைந்துள்ளது. தட்டில் நீர் தேங்கினால் மிதவை எழும்பி நீர்வரவை நிறுத்தும்; கசிவுப் பிழை தோன்றும்.
* வடிகால் பம்பின் கண்காணிப்பு: பம்பு இயங்கிய பின்பும் நீர் மட்டம் குறையாவிட்டால் வெளியேற்றப் பிழை தோன்றும்.
* கதவு ஆளி: கதவு முழுமையாக மூடப்படும் வரை இயக்கத்தைத் தொடங்க விடாது.

பிழைக் குறிகளுக்குப் பொதுத் தரம் இன்மை

பிழைக் குறிகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற பொதுவான தரம் எதுவும் இல்லை. ஒரே குறி இரண்டு நிறுவனங்களில் வெவ்வேறு பொருள் தரக்கூடும். மிடியா நிறுவனத்தின் இயந்திரங்களில் ஈ-1 என்பது நீர் வருவதற்கு அதிக நேரம் ஆவதைக் குறிக்கின்றது. எல்ஜி இயந்திரங்களில் அதே ஈ-1 நீர்க்கசிவைக் குறிக்கின்றது. முன்னதற்குக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். பின்னதற்குக் குழாயை உடனே மூட வேண்டும். இதே போன்று மிடியாவின் ஈ-4 நீர் வழிதலையும், சாம்சங்கின் 4-ஈ நீர் வராமையையும் சுட்டுகின்றன. ஆகவே வேறொரு நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்தல் தீங்கு தரலாம்.

இந்தியாவில் விற்கப்படும் இயந்திரங்களுள் சிலவற்றின் குறிகள் கீழே தரப்பட்டுள்ளன. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாதிரிகளிலும் வேறுபாடு உண்டு. இயந்திரத்துடன் வந்த கையேடே இறுதியானது.

போஷ் (பழைய மாதிரிகள்)
* ஈ-15: அடித்தட்டில் நீர் தேங்கியுள்ளது, நீர்க்காப்பு அமைப்பு இயங்கிவிட்டது
* ஈ-18: நீர் வரவில்லை அல்லது போதவில்லை
* ஈ-22: வலைவடிப்பான் அடைபட்டுள்ளது
* ஈ-24: கழிவுநீர்க் குழாய் மடிந்துள்ளது அல்லது அடைபட்டுள்ளது
* ஈ-25: வடிகால் பம்பு அடைபட்டுள்ளது, அல்லது அதன் மூடி சரியாகப் பொருந்தவில்லை
* ஈ-27: மின்னழுத்தம் குறைவு
* ஈ-09: சூடாக்கிப் பழுது

போஷ் நிறுவனத்தின் புதிய மாதிரிகளில் ஈ-61-03, ஈ-92-40 என்பன போன்ற நீண்ட குறிகள் காட்டப்படுகின்றன. இவற்றுள் முன்னது கழிவுநீர் வெளியேறாமையையும் பின்னது வலைவடிப்பான் அடைப்பையும் குறிக்கும்.

எல்ஜி
* ஐ-ஈ: நீர்வரவுப் பிழை
* ஓ-ஈ: வெளியேற்றப் பிழை
* ஏ-ஈ அல்லது ஈ-1: கசிவு
* எச்-ஈ: சூடாக்கப் பிழை

சாம்சங்
* 4-சி அல்லது 4-ஈ: நீர்வரவுப் பிழை
* 5-சி அல்லது 5-ஈ: வெளியேற்றப் பிழை
* எல்-சி அல்லது எல்-ஈ: கசிவு

மிடியா
* ஈ-1: நீர் வருவதற்கு அதிக நேரம் ஆதல்
* ஈ-3: உரிய வெப்பநிலையை அடையாமை
* ஈ-4: நீர் வழிதல்

ஏழு கோட்டுத் திரைகளில் 5 என்னும் எண்ணும் ஆங்கில 'எஸ்' எழுத்தும் ஒரே வடிவில் தோன்றும். குறியைச் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் சொல்வதைக் காட்டிலும், திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.

நிலக்கோட்டைச் சமவெளியில் பிழைகளின் தன்மை

நிலக்கோட்டை திண்டுக்கல் மாவட்டத்தின் தென்பகுதியில், வைகை ஆற்றுப் பக்கமாக அமைந்த பேரூராட்சியும் வட்டத் தலைமையிடமும் ஆகும். மல்லிகை முதலிய பூக்களின் சந்தைக்கு இவ்வூர் பெயர்பெற்றது. இங்கும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பல வீடுகளில் இரு வகை நீர் புழங்குகின்றது. குழாயில் வரும் குடிநீர் 'நல்ல தண்ணீர்' எனவும், ஆழ்துளைக் கிணற்று நீர் 'உப்புத் தண்ணீர்' எனவும் அழைக்கப்படுகின்றன. மேல்நிலைத் தொட்டியில் ஏற்றப்படுவது பெரும்பாலும் பின்னதே. ஆதலால் பாத்திரங்கழுவிக்குச் செல்வதும் அதுவே.

நீரின் கடினத்தன்மை

திண்டுக்கல் மாவட்டத்தின் பெரும்பகுதி சார்னோகைட்டு, நைசு ஆகிய கடினப் பாறைகளால் ஆனது. நிலத்தடி நீர் பாறையின் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் தேங்கிநிற்கின்றது. அவ்வாறு தங்கும் நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்து நீர் கடினமாகின்றது. திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலின் கழிவும் நிலத்தடி நீரின் உப்பைக் கூட்டியுள்ளது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012), மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாதவிடத்து 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் கொள்கின்றது. பாத்திரங்கழுவிகளின் கையேடுகளோ கடினத்தன்மையைப் பெரும்பாலும் 'செருமன் பாகை' என்னும் அலகில் தருகின்றன. ஒரு செருமன் பாகை என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் ஆகும். இதன்படி 200 மில்லிகிராம் ஏறத்தாழ 11 பாகை. 600 மில்லிகிராம் ஏறத்தாழ 34 பாகை. போஷ் இயந்திரங்களில் மென்னீராக்கியின் மிக உயர்ந்த நிலை 31 முதல் 50 பாகை வரையிலான நீருக்கு உரியது. அதாவது, குடிப்பதற்கு விலக்கப்படாத நீரே இவ்வியந்திரத்தின் உச்ச நிலையைக் கோரக்கூடும். 50 பாகை, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 890 மில்லிகிராம், கடந்த நீரை இயந்திரத்தின் மென்னீராக்கியால் மட்டும் சரிசெய்ய இயலாது. அந்நிலையில் தனி மென்னீராக்கி பொருத்தவோ நல்ல தண்ணீர்க் குழாயை இணைக்கவோ வேண்டும்.

மென்னீராக்கி அயனிப் பரிமாற்ற முறையில் இயங்குகின்றது. அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு சோடியம் அயனிகளை விடுகின்றன. மணிகள் நிறைந்தபின் உப்புக்கரைசலால் கழுவப்பட்டு மீண்டும் பயன்படுகின்றன. உப்புப் பெட்டியில் தூய சோடியம் குளோரைடால் ஆன, பாத்திரங்கழுவிக்குரிய உப்பையே இட வேண்டும். சமையலுக்குரிய கல் உப்பில் கால்சியம், மக்னீசியம் உப்புகளும் மண்ணும் கலந்திருக்கும். தூள் உப்பில் கட்டியாகாமல் தடுக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். இரண்டும் மென்னீராக்கிக்கு ஊறு விளைவிப்பவை.

உப்பு தீர்ந்தும் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தால் சூடாக்கியின் மேல் சுண்ணப் படலம் படிகின்றது. இது வெப்பத்தை நன்கு கடத்தாது. நீர் சூடாகத் தாமதமாகின்றது. சூடாக்கி மிகைவெப்பமடைந்து பழுதாகலாம். முதலில் கண்ணாடிக் குவளைகளிலும் எவர்சில்வர் தட்டுகளிலும் வெண்திட்டுகள் தோன்றும்; சூடாக்கப் பிழைக் குறி பின்னரே வரும். சூடாக்கியை மாற்றும் செலவைத் தவிர்க்க விரும்புவோர் வெண்திட்டைக் கண்டவுடனேயே உப்புப் பெட்டியையும் கடினத்தன்மை அமைவையும் பார்க்க வேண்டும்.

நீரின் கடினத்தன்மையைச் சோதனைத் தாள் கொண்டு வீட்டிலேயே அறியலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் நீரைச் சோதிக்கும் வசதி உள்ளது. கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் 'டி.டி.எஸ். மீட்டர்' கடினத்தன்மையைக் காட்டாது. நீரில் உள்ள உப்பு சோடியம் குளோரைடாகவும் இருக்கலாம். அதனை மென்னீராக்கி நீக்குவதில்லை. குடிநீர் வடிகட்டியிலிருந்து ஒதுக்கப்படும் 'ஆர்.ஓ.' கழிவுநீரில் உப்புகள் செறிந்திருப்பதால் அதனைப் பாத்திரங்கழுவிக்குப் பயன்படுத்தக் கூடாது.

நீரழுத்தம்

பல இயந்திரங்களின் கையேடுகள் குறைந்தது 0.4 அல்லது 0.5 பார் நீரழுத்தத்தைக் கோருகின்றன. ஒரு மீட்டர் உயரமுள்ள நீர் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் தரும். எனவே 0.5 பார் அழுத்தத்துக்குத் தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தின் குழாய் இணைப்பிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடியில்லாத ஒட்டுவீட்டில் மொட்டைமாடித் தளத்தின் மேல் வைத்த தொட்டி பெரும்பாலும் 3 முதல் 4 மீட்டர் உயரமே தரும். இவ்வீடுகளில் ஈ-18, ஐ-ஈ, 4-சி போன்ற நீர்வரவுக் குறிகள், இயந்திரம் முற்றிலும் நல்ல நிலையில் இருந்தபோதும் தோன்றக்கூடும். தொட்டி நிறைந்திருக்கும் காலையில் இயங்கி, நீர்மட்டம் தாழ்ந்த மாலையில் குறி காட்டினால் அழுத்தக் குறைவு எனக் கொள்ளலாம்.

இதனை எளிதில் சோதிக்கலாம். இயந்திரம் இணைக்கப்படும் குழாயில் 10 லிட்டர் வாளியை வைத்து முழுமையாகத் திறக்க வேண்டும். வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நீர்வரவு போதுமானது. இரண்டு மூன்று நிமிடம் ஆனால் தொட்டியை உயர்த்துதல், அகலமான தனிக் குழாய் இடுதல், சிறிய அழுத்தப் பம்பு பொருத்துதல் ஆகியவற்றுள் ஒன்றைச் செய்ய வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் வரும் மணலும் துருவும் நீர்வரவுக் குழாயின் முனையிலுள்ள சிறு சல்லடையை அடைப்பதும் வழக்கம்.

மின்னழுத்தம்

வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு ஆகும். மின்மாற்றியிலிருந்து தொலைவில், கம்பித் தடத்தின் கடைசியில் உள்ள வீடுகளில், பயன்பாடு மிகும் நேரங்களில் அது குறைகின்றது. ஈ-27 போன்ற குறி அந்நேரங்களில் மட்டும் தோன்றினால் அது மின்வழங்கலைச் சார்ந்தது. இரவு பிந்தியோ அதிகாலையிலோ இயக்கினால் குறி மறையும். பாத்திரங்கழுவி நீரைச் சூடாக்கும்போது 2 கிலோவாட்டு அளவில் மின்திறன் எடுக்கும். ஆகையால் நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கில் தனியே இணைக்கப்பட வேண்டும். விளக்கு, மின்விசிறிக்கான சிறிய வீட்டு இன்வெர்ட்டரில் இதனை இயக்க இயலாது.

வீட்டில் செய்யத்தக்க சோதனைகள்

எந்தச் சோதனைக்கு முன்பும் குறியைக் குறித்துக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்ற வேண்டும்.

நீர்வரவுக் குறி தோன்றினால்
# குழாய் முழுமையாகத் திறந்துள்ளதா, தொட்டியில் நீர் உள்ளதா எனப் பார்க்கவும்.
# இயந்திரத்தின் பின்னால் குழாய் மடிந்துள்ளதா எனப் பார்க்கவும்.
# குழாயை மூடி, நீர்வரவுக் குழாயைக் கழற்றி, முனைச் சல்லடையைக் கழுவவும்.
# மேற்கூறிய வாளிச் சோதனையைச் செய்யவும்.

வெளியேற்றக் குறி தோன்றினால்
# அடித்தட்டிலுள்ள வலைவடிப்பானைத் திருகி எடுத்துக் கழுவவும். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, முருங்கைக்காய் நார், புளிச் சக்கை ஆகியன இதில் தங்கும்.
# வடிப்பானை எடுத்தபின் அடியிலுள்ள நீரைத் துணியால் ஒற்றி எடுத்து, கையேடு அனுமதித்தால் வடிகால் பம்பின் மூடியைக் கழற்றிப் பார்க்கவும். கடுகு, எலும்புத் துண்டு, உடைந்த கண்ணாடி ஆகியன பம்பின் சுழலியைத் தடுக்கும். கண்ணாடித் துண்டு கையைக் கிழிக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் துழாவக் கூடாது.
# மூடியைச் சொடுக்கொலி கேட்கும் வரை அழுத்திப் பொருத்தவும்.
# கழிவுநீர்க் குழாய் பாத்திரத் தொட்டியின் வடிகாலுடன் சேருமிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துள்ளதா எனப் பார்க்கவும்.

கசிவுக் குறி தோன்றினால்
# முதலில் நீர்க் குழாயை மூடவும்.
# கையால் பாத்திரம் துலக்கும் நீர்ம சோப்பையோ சோப்புத் தூளையோ இட்டோமா என நினைவுகூரவும். இவை மிகையான நுரை எழுப்பும். நுரை வழிந்து அடித்தட்டில் நீராகி மிதவையை எழுப்பும். பாத்திரங்கழுவிக்குரிய நுரையாத பொருளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.
# கதவின் இரப்பர்ப் பட்டையில் உணவுத் துணுக்கு ஒட்டியுள்ளதா எனப் பார்த்துத் துடைக்கவும்.
# நுரை காரணமன்று எனில், அல்லது குறி மீண்டும் தோன்றினால், இயந்திரத்தை இயக்காமல் பழுதுபார்ப்பவரை அழைக்கவும்.

பயனர் செய்யக்கூடாதவை

சூடாக்கி, கட்டுப்பாட்டுப் பலகை, உட்புற மின்கம்பி இணைப்பு ஆகியவற்றைக் குறிக்கும் பிழைகளைப் பயிற்சி பெற்றவரே சீர்செய்ய வேண்டும். நீரும் மின்னும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் மின்தாக்கு ஏற்படும் வாய்ப்பு உண்டு. குறியை அழிக்கும் பொருட்டு இயந்திரத்தை அணைத்து அணைத்து இயக்குதல், மிதவை ஆளியைக் கட்டிவைத்தல், நில இணைப்பின்றி இரு முனைப் பிளக்கில் செருகுதல் ஆகியன தவிர்க்கப்பட வேண்டியவை. கசிவுக் குறியை ஒரு முறை அழித்தால் இயந்திரம் மீண்டும் நீரை உள்ளே விடும். கசிவு உண்மையாயின் அடித்தட்டு நிரம்பி, நீர் மின்னுறுப்புகளை அடையும்.

பிழைக் குறிகள் அல்லாத அறிகுறிகள்

உப்பு தீர்ந்ததையும் பளபளப்பு நீர்மம் தீர்ந்ததையும் காட்டும் விளக்குகள் பிழைக் குறிகள் ஆகா. கழுவி முடித்தபின் வடிப்பானுக்கு அடியில் சிறிதளவு நீர் நிற்பதும் இயல்பே. இயக்கத்தின் நடுவில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், பல இயந்திரங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன.

பாத்திரம் சரியாகக் கழுவப்படாதபோது குறி எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். உயரமான குக்கரோ கரண்டியோ தெளிப்புக் கையைத் தடுத்தாலும், இட்டிலித் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்தாலும், நீர் எல்லா இடத்துக்கும் செல்லாது. அலுமினியப் பாத்திரங்கள் கருத்துப்போவதும், இரும்புத் தோசைக்கல் துருப்பிடிப்பதும் இயந்திரப் பழுது அன்று. இவற்றையும் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரங்களையும் கல்சட்டியையும் கையால் கழுவுவதே ஏற்றது.

பழுதுபார்ப்பவரை அழைக்கும்போது இயந்திரத்தின் மாதிரி எண், தோன்றிய குறி, அது இயக்கத்தின் எந்தக் கட்டத்தில் தோன்றியது, நீரின் கடினத்தன்மை, வாளி நிரம்ப எடுத்த நேரம் ஆகியவற்றைத் தெரிவிப்பது பயன் தரும். திண்டுக்கல்லிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒருவர் வர வேண்டிய ஊர்களில், இவ்விவரங்கள் உரிய உதிரிப்பாகத்துடன் அவர் முதல் முறையே வருவதற்கு உதவுகின்றன.